வளரும் வயதில் உடல் பருமனும் பட்டினியும்

(இறுதியாண்டு மாணவி, ஆடைத் தொழில்நுட்பப் பிரிவு)



‘குண்டு’, ‘பூசணி’, ‘ட்ரம்’, ‘ஓமக்குச்சி’, ‘எலும்பன்’... இப்படி ஒரு பட்டப்பெயராவது இல்லாத பெஞ்சு நம் வகுப்புகளில் உண்டா? அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரில் உள்ள பெயர் ஆசிரியருக்கு மட்டும்தான். நமக்குள் கூப்பிட்டுக்கொள்வது இந்தப் பெயர்களைத்தான். கூப்பிடுகிறவர் சிரிக்கிறார், கூப்பிடப்படுகிறவரும் சிரித்துவிட்டுப் போகிறார். ஆனால் அந்தச் சிரிப்புக்கும் உடல் பருமனுக்கும், சாப்பாட்டைக் கண்டாலே பயப்படும் இன்னொரு நோய்க்கும் தொடர்பு இருக்கிறது என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. அதைப் பற்றி நம்மைப் போன்ற டிப்ளமோ மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவற்றைத் திரட்டி இங்கே தந்திருக்கிறேன்.

‘பருமன் என்பது அதிகம் தின்பவர் நோய். பட்டினி கிடந்தால் சரியாகிவிடும்’ என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். பருமனும் பட்டினியும் எதிரிகள் அல்ல. ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தம்பிகள். ஒருவன் வந்தால் இன்னொருவனைக் கையோடு கூட்டிக்கொண்டு வருவான். இதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது.

நம் ஊர் நிலவரம்

வீரபாண்டி 2011-ல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்தது. பல்லடம் ரோட்டில் வீரபாண்டி பிரிவில் காலை எட்டு மணிக்கு நின்று பாருங்கள். டெய்லர், கட்டிங், செக்கிங், பேக்கிங், கைமடி என்று எல்லா வேலைக்காரர்களும் கையில் டிபன் தூக்கோடு ஓடிக்கொண்டிருப்பார்கள். நம்மில் பலருடைய அப்பா அம்மாவும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். எட்டரைக்கு ஷிப்ட். ஆர்டர் அவசரமென்றால் இரவு எட்டரை வரை ‘ஒன்றரை ஷிப்ட்’. அம்மா விடியலில் எழுந்து சோறாக்கி வைத்துவிட்டுப் போவார். நாம் ஏழரைக்கு எழுந்து, பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், “நேரமில்லீங்மா, அப்புறம் பாத்துக்கறேன்” என்று ஓடிவருவோம்.

அந்த ‘அப்புறம்’ பதினொரு மணிக்கு பேக்கரியில் வருகிறது. ஒரு டீ, ஒரு பப்ஸ் அல்லது தேங்காய் பன். மதியம் பாதி டப்பா. மாலை தள்ளுவண்டியில் காளான். இரவு வீட்டில் யாரும் வராததால் டி.வி. முன்னாலோ செல்போன் முன்னாலோ தனியாக ஒரு பாக்கெட் சிப்ஸ். சனிக்கிழமை சம்பள நாள் என்பதால் அன்றைக்குப் பரோட்டாவும் சில்லி சிக்கனும். வாரம் முழுக்கக் காலியாகக் கிடந்த வயிற்றில் ஒரே ராத்திரியில் கொட்டுகிறோம்.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். காமராஜர் காலத்தில் 1956-ல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம், 1982-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. இன்று அது பத்தாம் வகுப்பு வரை முட்டையோடு கிடைக்கிறது. நாம் பத்தாவது முடித்து, பதினைந்து பதினாறு வயதில் பாலிடெக்னிக்கில் சேர்ந்த அன்றே அந்தத் தட்டு நின்றுவிடுகிறது. உடம்பு வேகமாக வளரும் வயதில், வேளாவேளைக்கு உட்காரவைத்துச் சோறு போட ஆள் இல்லாமல் போகிறது!

எண்கள் என்ன சொல்கின்றன?

2002-ல் சென்னை மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், நகரப் பள்ளிகளில் 13 முதல் 18 வயதுள்ள 4,700 மாணவர்களை ஆராய்ந்து முடிவை வெளியிட்டார்கள். பையன்களில் 17.8 சதவீதம், பெண்களில் 15.8 சதவீதம் பேர் அதிக எடையோடு இருந்தார்கள்.

பெரியவர்கள் கணக்கு இன்னும் கவலை தருவது. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் அதிக எடையுள்ளோர் 2015-16-ல் 30.9 சதவீதம். 2019-21-ல் அது 40.4 சதவீதம் ஆகிவிட்டது. ஆண்களிலும் 28.2-லிருந்து 37.0-க்கு உயர்ந்துவிட்டது. அதே 2019-21 ஆய்வில் நம் மாநிலப் பெண்களில் பாதிக்கு மேல், அதாவது 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை! வயிறு நிறைகிறது, சத்து சேரவில்லை என்பதுதான் இதற்குப் பொருள்.

இந்திய அளவில் 2016-18-ல் நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், 10 முதல் 19 வயதினரில் 24 சதவீதம் பேர் வயதுக்கேற்ற எடையின்றி மெலிந்தும், 5 சதவீதம் பேர் அதிக எடையோடும் இருந்தார்கள். மெலிவும் பருமனும் ஒரே நாட்டில், சில சமயம் ஒரே வீட்டில், ஒரே பெஞ்சில்!

பி.எம்.ஐ. என்பது என்ன?

எடையைக் கிலோவில் எழுதி, உயரத்தை மீட்டரில் எழுதி, அந்த உயரத்தின் வர்க்கத்தால் எடையை வகுத்தால் கிடைப்பது பி.எம்.ஐ. 50 கிலோ எடை, 1.6 மீட்டர் உயரம் என்றால் 50-ஐ 2.56-ஆல் வகுக்க வேண்டும். விடை சுமார் 19.5. இந்தச் சூத்திரத்தைத் தந்தவர் 19-ஆம் நூற்றாண்டில் பெல்ஜியம் நாட்டில் வாழ்ந்த கெட்லே. அவர் மருத்துவர் அல்ல, கணித நிபுணர். மக்கள் கூட்டத்தின் சராசரியை அறியத்தான் இதைக் கண்டுபிடித்தார்.

பெரியவர்களுக்கு, நம் இந்திய உடல்வாகுக்கு, 23-க்கு மேல் போனால் கவனம் தேவை என்கிறார்கள். ஆனால் 18 வயது நிரம்பாதவர்களுக்கு இந்த எண்ணை நேராகப் பொருத்தக் கூடாது. வயதுக்கும் ஆண் பெண் வித்தியாசத்துக்கும் ஏற்ற வளர்ச்சி அட்டவணை வேறு. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 5 முதல் 18 வயதினருக்காக 2015-ல் அதை வெளியிட்டது. செல்போனில் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு ‘நான் குண்டு’ என்று நாமே தீர்ப்பு எழுதிக்கொள்ள வேண்டாம்.

2004-ல் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் சேர்ந்து எடுத்த ஒரு படம் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றேதான்: 22.3. உடலில் உள்ள கொழுப்பை அளந்தால் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்! பார்க்க ஒல்லியாக இருக்கும் இந்தியருக்கும் வயிற்றுக்குள் கொழுப்பு இருக்கலாம். ஆகவே ‘நான் ஒல்லிதானே, எதையும் தின்னலாம்’ என்பதும் சரியல்ல. ‘அவள் குண்டு, அவள்தான் நோயாளி’ என்பதும் சரியல்ல.

நாம் ஆடைத் தொழில் ஊர்க்காரர்கள். மெஷர்மெண்ட் சார்ட்டில் ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் ‘டாலரன்ஸ்’ என்று ஒரு கட்டம் இருக்கும். இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்று. பையர் ஆர்டர் கொடுக்கும்போது எஸ், எம், எல், எக்ஸ்.எல். எல்லாம் கலந்து ‘ரேஷியோ’ சொல்லித்தான் கொடுக்கிறார். ஒரே சைஸில் உலகம் இல்லை என்பது பனியன் கம்பெனியில் கைமடிக்கிற சின்னப் பெண்ணுக்குக்கூடத் தெரியும். நமக்கு மட்டும் ஏன் எல்லோரும் ஒரே சைஸில் இருக்க வேண்டும் என்ற ஆசை?

பட்டினி எடையைக் குறைக்குமா?

சில நாளுக்குக் குறைக்கும். பிறகு வட்டியோடு திரும்ப வரும்.

இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944-45-ல், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி ஒரு சோதனை நடத்தினார். போரில் ஆயுதம் தூக்க மறுத்த 36 ஆரோக்கியமான இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். 24 வாரம் அவர்களுக்கு வழக்கமான உணவில் ஏறக்குறைய பாதிதான் தரப்பட்டது. எடையில் கால் பங்கு போனது உண்மை. ஆனால் அதோடு என்ன ஆயிற்று? எரிச்சல், மனச்சோர்வு, குளிர், எதிலும் கவனமின்மை. எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகங்களைச் சேர்த்துவைத்துப் படிக்க ஆரம்பித்தார்கள்! சோதனை முடிந்து உணவு கிடைத்ததும் சிலர் வயிறு நிறைந்த பிறகும் நிறுத்த முடியாமல் தின்றார்கள். அவர்கள் மனவலிமை இல்லாதவர்களா? இல்லை. பசித்த உடம்பு அப்படித்தான் வேலை செய்யும்.

நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். நூல் சரியாக வராது என்று கேள்விப்பட்டால் கம்பெனிக்காரர் என்ன செய்வார்? கிடைக்கிறபோதே வாங்கிக் குடோனை நிரப்பி வைப்பார். உடம்பும் அப்படித்தான். காலைச் சோறு வருமா வராதா என்ற நிச்சயமில்லாத உடம்பு, செலவைக் குறைக்கும், பசியைக் கூட்டும், கிடைத்தபோது கொழுப்பாகச் சேர்த்து வைக்கும்.

அதே மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் டயான் நியூமார்க்-ஸ்டெய்னர் என்ற அம்மையார் 1998 முதல் பள்ளி மாணவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார். வேளையைத் தவிர்ப்பது போன்ற தவறான வழிகளில் எடையைக் குறைக்க முயன்ற பிள்ளைகள், ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அப்படிச் செய்யாதவர்களைவிட அதிக எடையோடு இருந்தார்கள். எடைக்காகக் கேலி செய்யப்பட்ட பிள்ளைகளிடம் கட்டுப்பாடின்றித் தின்னும் பழக்கமும் கூடுதலாக இருந்தது.

நம் வயதுக்கு எவ்வளவு வேண்டும் தெரியுமா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் தந்த கணக்குப்படி, 16-18 வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 2,500 கலோரி, பையனுக்கு 3,320 கலோரி. உட்கார்ந்து வேலை செய்யும் பெரியவர்களுக்கோ பெண்ணுக்கு 1,660, ஆணுக்கு 2,110. அதாவது பல அம்மாக்களைவிட மகளுக்குத்தான் அதிகம் வேண்டும்! எலும்பு முதிரும், உயரம் கூடும், பெண்களுக்கு உடம்பு சற்றுப் பூசினாற்போல் ஆகும். அது இயற்கை. அதைக் கண்டு பயந்து சோற்றைத் தள்ளுவதுதான் ஆபத்து.

உணவைக் கண்டு பயப்படும் நோய்கள்

‘அனோரெக்ஸியா நெர்வோசா’ என்ற பெயரை 1873-ல் லண்டன் மருத்துவர் வில்லியம் கல் வைத்தார். எலும்பும் தோலுமாக ஆன பின்னும் ‘நான் குண்டு’ என்று நம்பி உண்ண மறுக்கும் நோய் அது. ‘புலிமியா’ என்பதை 1979-ல் ஜெரால்டு ரஸ்ஸல் விவரித்தார். அளவின்றித் தின்பது, பிறகு குற்ற உணர்ச்சியில் அதை எப்படியாவது வெளியேற்ற முயல்வது. மூன்றாவது ‘பிஞ்ச் ஈட்டிங்’. அடக்க முடியாமல் ஒரே மூச்சில் தின்பது, பிறகு வெட்கப்படுவது.

‘இதெல்லாம் வெள்ளைக்காரர் நோய்’ என்று சொல்ல வேண்டாம். சென்னையில் டி.என். ஸ்ரீனிவாசன் உள்ளிட்ட மருத்துவர்கள் 210 மருத்துவ மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 1998-ல் வெளிவந்தது. அதில் 14.8 சதவீதம் பேருக்கு உணவு பற்றிய மனத்துயரம் இருந்தது. மருத்துவம் படிப்பவர்களுக்கே அப்படி என்றால் நமக்கு?

என் தோழி ஒருத்தியின் கதையை, அவள் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். முதலாண்டு லீவில் அவள் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனாள். “அம்மிணி, நீ உக்காந்தா ஸ்டூல் தாங்குமா?” என்று அங்கே ஒருவர் தினமும் கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் காலை டிபனை நிறுத்தினாள். பிறகு இரவுச் சாப்பாட்டையும் நிறுத்தினாள். ‘ஆஹா, இளைச்சிட்டியே’ என்று பாராட்டினார்கள். இரண்டு மாதத்தில் லேபில் மயங்கி விழுந்தாள். அதன் பிறகு ஆரம்பித்தது இன்னொன்று. வீட்டில் எல்லோரும் தூங்கியதும் இருட்டில் நின்றுகொண்டு மிச்சம் மீதி எல்லாவற்றையும் தின்பாள். மறுநாள் மீண்டும் பட்டினி. ஓராண்டில் எடை முன்பிருந்ததைவிடக் கூடிவிட்டது. படிப்பில் இரண்டு அரியர்.

அவள் அம்மா ஓவர்லாக் டெய்லர். அவர் திட்டவில்லை, எடை மெஷின் வாங்கவில்லை. “நான் வர ஒம்பது மணி ஆகும் கண்ணு. நீ நாலு மணிக்கு ஏதாவது சாப்புடு. ராத்திரிச் சோறு எனக்கும் உனக்கும் சேந்துதான்” என்றார். அரசு மருத்துவமனைக்கும் அழைத்துப் போனார். இன்று அவள் நன்றாக இருக்கிறாள். இளைத்துவிட்டாளா என்று கேட்காதீர்கள். நன்றாக இருக்கிறாள், அவ்வளவுதான்.

பையன்களுக்கும் இது உண்டு. ‘சிக்ஸ் பேக்’ வேண்டும் என்று சோற்றை விட்டுவிட்டு, யாரோ விற்கும் பவுடரைக் கரைத்துக் குடிக்கிறவர்களும் இதே வழியில்தான் நடக்கிறார்கள்.

தடுக்கும் வழி ஐந்து

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016-ல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. பருமனையும் உணவுக் கோளாறையும் ஒரே வழியில் தடுக்கலாம் என்பதுதான் அதன் சாரம். நம் ஊருக்கு ஏற்றபடி தருகிறேன்.

1. ‘டயட்’ வேண்டாம். எந்த வேளையையும் விடாதீர்கள். முக்கியமாகக் காலை வேளை. இரண்டு இட்லியும் ஒரு வாழைப்பழமும் ஆனாலும் சரி.

2. சேர்ந்து சாப்பிடுங்கள். ஒன்றரை ஷிப்ட் வீட்டில் தினமும் முடியாதுதான். ஞாயிறாவது முடியும். கல்லூரியில் மதியம் டப்பாவைத் திறந்தால் நாலு பேர் வட்டமாக உட்காருங்கள். தனியாகச் சாப்பிடுபவரைக் கூப்பிடுங்கள்.

3. எடையைப் பற்றிய பேச்சை விடுங்கள். ‘இளைச்சிட்டே’, ‘பெருத்துட்டே’ இரண்டுமே வேண்டாம். ‘எப்படி இருக்கே?’ போதும். உறம்பரை வீட்டில் பெரியவர்கள் கேட்டால், “நல்லா இருக்கேனுங்க” என்று சொல்லிப் பேச்சை மாற்றுங்கள்.

4. கேலி வேண்டவே வேண்டாம். ராகிங் தடைச் சட்டம் நம் மாநிலத்தில் 1997-லேயே வந்தது. உடம்பைச் சொல்லிக் கேலி செய்வதும் ஒருவரைக் காயப்படுத்துவதுதான்.

5. உடம்பை மதியுங்கள். அது நம்மைச் சுமக்கிறது, டிராயிங் போர்டு முன் நிற்கவைக்கிறது. உடற்பயிற்சி தண்டனையாக இல்லாமல் விளையாட்டாக இருக்கட்டும். 17 வயது வரை தினம் 60 நிமிட உடலுழைப்பு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். கபடி, வாலிபால், சைக்கிள், பஸ் ஸ்டாப் வரை நடை எல்லாம் கணக்கில் சேரும். எட்டு மணித் தூக்கமும் அவசியம்.

கைக்கெட்டும் உணவு

ஆப்பிளும் ஓட்ஸும் தேடி அலைய வேண்டாம். கொங்கு நாட்டு அடுப்படியிலேயே எல்லாம் இருக்கிறது. கொள்ளுப் பருப்பு, அரிசிம்பருப்புச் சாதம், கம்மங்கூழ், ராகிக் களி, வேகவைத்த நிலக்கடலை, கீரை, மோர். நிலக்கடலையில் நூற்றுக்கு 25 கிராம் அளவு புரதம். 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். பப்ஸ் விலைக்குக் கடலை உருண்டை வாங்கினால் மதியம் வரை தாங்கும்.

சர்க்கரைக் கணக்கையும் பாருங்கள். 300 மில்லி கோலாவில் சுமார் 32 கிராம் சர்க்கரை, ஆறேழு டீஸ்பூன். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் நாலு டீயிலேயே அந்த எல்லை தாண்டிவிடும். ‘சக்கரை கம்மியா, அண்ணா’ என்று சொல்லப் பழகலாம். அதற்காகப் பிறந்த நாளில் கேக் தின்றவரைக் குற்றவாளியாகப் பார்க்க வேண்டாம். பரோட்டா பாவம் அல்ல. தினமும் அதுவே சாப்பாடு ஆவதுதான் பிரச்சினை.

எப்போது மருத்துவரைப் பார்ப்பது?

நண்பர் ஒருவர் தொடர்ந்து சாப்பாட்டுக் கூட்டத்தைத் தவிர்க்கிறார், சாப்பிட்டவுடன் காணாமல் போகிறார், அடிக்கடி மயங்குகிறார், வெயிலிலும் குளிர்கிறது என்கிறார், முடி கொட்டுகிறது, மாதவிலக்கு நின்றுவிட்டது, குறுகிய காலத்தில் எடை மிகவும் மாறிவிட்டது... இவற்றில் ஒன்றிரண்டு தெரிந்தாலும் பேசுங்கள். ‘ஏன் சாப்பிடலை?’ என்று அதட்ட வேண்டாம். ‘உன்னைப் பத்திக் கவலையா இருக்கு’ என்று தொடங்குங்கள். இந்த நோய் உடம்பின் உப்புச்சத்தைக் குலைத்து இதயத்தையே பாதிக்கக்கூடியது. திருப்பூரில் 2022-ல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். மனநல மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கம் எதற்கு? காய்ச்சலுக்குப் போவதில்லையா?

முடிவுரை

பள்ளிகளின் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டம் விற்கக் கூடாது என்று 2020-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி செய்தது. அது பள்ளிக்கான விதி. கல்லூரிக்கு விதி செய்ய நம் மாணவர் பேரவை இருக்கிறது! அடுத்த ஆண்டுப் பேரவைக்கு மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன். கேண்டீனில் காலை எட்டரைக்கே சுண்டலும் முட்டையும் கிடைக்க வேண்டும். மதிய இடைவேளை எல்லோரும் உட்கார்ந்து உண்ணும் அளவுக்கு நீள வேண்டும். முதலாண்டு வரவேற்பு விழாவில் உடம்பைக் கிண்டல் செய்யும் நிகழ்ச்சி இருக்கக் கூடாது.

முதல் இரண்டுக்கும் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். மூன்றாவதற்கு யார் அனுமதியும் வேண்டாம். நாளைக் காலை பட்டப்பெயரை விட்டுவிட்டு, ரிஜிஸ்டரில் உள்ள பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, “சாப்டியா? வா, சேந்து சாப்பிடலாம்” என்று கேளுங்கள்.